பணத் துறைக்குரிய பட்டங்களும் உரிமங்களும்



பொதுத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில் எங்கள் அருப்புக்கோட்டை வட்டாரத்து வீடுகள் பலவற்றில் ஒரு வினா எழும். "மேற்கொண்டு என்ன படிப்பது?" என்பதே அது. வணிகவியலும் கணக்குப் பதிவியலும் பயின்ற பிள்ளைகளின் வீடுகளில் அதனோடு இன்னொரு வினாவும் சேர்ந்துகொள்ளும். "எந்தச் சான்றிதழ் வாங்கினால் வங்கியிலோ கம்பெனியிலோ உட்காரலாம்?" என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய எனக்கு, இவ்வினா ஓய்வு பெற்ற பின்னும் வாசலுக்கு வந்துகொண்டேயிருக்கிறது. இதற்குரிய விடையை ஒழுங்குபட எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

எங்கள் நாடு வானம் பார்த்த பூமி. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கரிசலில் பருத்தி, சோளம், மல்லி, மிளகாய். அதுவும் இல்லையென்றால் கருவேல் வெட்டிக் கரிமூட்டம். இப்படிப்பட்ட நிலத்தில் வாழ்வோர் வரவையும் செலவையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்னும் பழமொழியை ஆறு வற்றிய ஊர்க்காரர்களே நன்கு அறிவார்கள்.

கணக்கு என்பது இங்கே வெறும் பாடமன்று. ஊர் வளர்ந்த வழியும் அதுவே. இவ்வட்டாரத்து வணிகர்கள் தம் வாணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கி, அதற்குத் தனிப் பேரேடு வைத்து, அந்தப் பொதுப் பணத்தைக்கொண்டு பள்ளிகளைக் கண்டனர். விருதுநகரில் 1889ஆம் ஆண்டு தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்ததே. காமராசர் சிறுவராய்ப் பயின்ற பள்ளி அது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962இல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. 1977இல் சிற்றூர் மக்களுக்கென்று பாண்டியன் கிராம வங்கி எழுந்தது; 2019 ஏப்ரல் முதல் நாளன்று அது பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் எங்கள் கடைத்தெருவுக்குப் புதியன அல்ல. புதியதாக வந்திருப்பது சான்றிதழ்களின் பெருக்கமே. அதிற்றான் பிள்ளைகள் திகைக்கிறார்கள்.

திகைப்பு நீங்க வேண்டுமாயின் முதலில் பாகுபாடு வேண்டும். பணத் துறையில் வழங்கும் தாள்களையெல்லாம் நான் நான்கு வகையாகப் பிரிப்பேன். முதலாவது, சட்டப்படியான தொழிற்பட்டம். இரண்டாவது, உரிமம் அல்லது உரிமத்தைப் போன்ற பதிவு. மூன்றாவது, வேலையில் சேர்ந்த பின் உயர்வதற்கு உதவும் தேர்வு. நான்காவது, பயிற்சி பெற்றதற்கான சான்று. இந்நான்கும் அழகிய எழுத்தில் அச்சிடப் பெற்றுச் சட்டத்திற்குள் மாட்டத் தக்கனவே. ஆயினும் இவற்றின் வன்மை ஒன்றல்ல.

முதல் வகையைப் பார்ப்போம். கம்பெனி ஒன்றின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிடும் உரிமை யாருக்கு உண்டு? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, தொழில் நடத்தும் பட்டயக் கணக்கருக்கு மட்டுமே உண்டு. ஊர் வழக்கில் ஆடிட்டர் என்று நாம் சொல்வது இவரைத்தான். பட்டயம் என்னும் சொல் வந்த வழியும் அறியத் தக்கது. 1854இல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரத்துக் கணக்கர் சங்கத்திற்கு அரச பட்டயம் வழங்கப்பட்டது. அதனால் அவர்கள் பட்டயக் கணக்கர் எனப்பட்டனர். நம் நாட்டில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு சூலை முதல் நாளன்று பட்டயக் கணக்கர் கழகம் அமைந்தது.

இப்பட்டத்திற்கு மூன்று படிகள் உள்ளன. அடிப்படைத் தேர்வு, இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு என்பன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அடிப்படைத் தேர்வு வழியே புகலாம். வணிகவியல் பட்டதாரிகள் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணும், பிற பட்டதாரிகள் 60 மதிப்பெண்ணும் பெற்றிருந்தால் நேரே இடைநிலைக்குச் செல்லலாம். தேறுவதற்கு ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40, மொத்தத்தில் நூற்றுக்கு 50 வேண்டும். தேர்வோடு முடிவதும் அன்று. ஓர் ஆடிட்டரிடம் இருந்து நடைமுறைப் பயிற்சி பெற வேண்டும். முன்பு அது மூன்றாண்டாக இருந்தது. 2023ஆம் ஆண்டின் புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைந்தது. பயிற்சிக் காலத்தில் சிறு உதவித் தொகையும் உண்டு. தவறாமல் ஒவ்வொரு படியிலும் முதல் முயற்சியிலேயே ஏறினாலும், பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் மூன்றரை ஆண்டுகளேனும் செல்லும். பெரும்பாலோர் அப்படி ஏறுவதில்லை என்பதையும் முன்கூட்டியே மனத்தில் கொள்ளுங்கள்.

இவரோடு ஒத்த நிலையில் இன்னும் இருவர் உளர். ஒருவர் அடக்கவிலைக் கணக்கர். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர் கழகம் சட்டத் தகுதி பெற்றது. அருப்புக்கோட்டைத் தறியில் ஒரு சேலை நெய்யப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் விலை எவ்வளவு, சாயத்திற்கு எவ்வளவு, பாவு ஓடுவதற்கு எவ்வளவு, நெசவுக் கூலி எவ்வளவு, தறி சும்மா நின்ற நாளின் இழப்பு எந்தச் சேலையின் தலையில் விழுகிறது என்று பகுத்துக் காட்டுவது அவருடைய கலை. மற்றொருவர் கம்பெனிச் செயலர். 1980ஆம் ஆண்டுச் சட்டம் அவர் தொழிலுக்குரியது. கம்பெனியின் கூட்டங்களும் தீர்மானங்களும் பதிவேடுகளும் சட்டப்படி நடக்கின்றனவா என்று காப்பவர் அவர். கணக்கினும் சட்டத்தில் விருப்பம் மிகுந்த பிள்ளைகளுக்கு அது ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழு இம்மூன்று பட்டங்களையும் 2021இல் முதுநிலைப் பட்டத்திற்கு இணையாக ஏற்றது.

கணிதத்தில் மிக்க ஆற்றலுடையார்க்கு மற்றொரு வழியும் உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒருவரிடம் எவ்வளவு பிரிமியம் வாங்கினால் இருபது ஆண்டுகள் கழித்து வாக்குத் தவறாமல் பணம் கொடுக்க இயலும்? இதனை இறப்பு அட்டவணைகளைக்கொண்டு கணித்துச் சொல்பவர் காப்பீட்டுக் கணிப்பாளர். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுக்கும் ஒரு கழகம் உண்டு. அதில் சேர்வதற்கே நுழைவுத் தேர்வு உண்டு. அதன்பின் தாள்கள் பல. புள்ளியியலை விரும்பிப் படிக்கும் மாணவர் இப்படி ஒரு தொழில் இருப்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

இனி இரண்டாம் வகை, உரிமமும் பதிவும். இங்கே ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்கர் நம் தமிழ்நாட்டவர். ஆர். சிவபோகம் என்பது அவர் பெயர். பிறந்த ஆண்டு 1907. நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டு சிறை சென்றவர். பின்னர் அக்காலத்தில் அரசு நடத்திய கணக்குப் பட்டயத் தேர்வில் 1933இல் தேறினார். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்கராகப் பதிவு பெறுவதற்கு அன்றைய விதி தடையாக நின்றது. தேர்வில் தேறியும் தொழில் நடத்த இயலாத நிலை. அவர் வழக்குத் தொடுத்து அத்தடையை வென்று, 1937இல் சென்னையில் தனியே தொழில் தொடங்கினார். பின்னாளில் 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்கர் கழகத்தின் தென்னிந்தியக் குழுவுக்குத் தலைமையும் தாங்கினார். இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியது இரண்டு. மன உறுதி ஒன்று. அதை எல்லாரும் சொல்வார்கள். மற்றொன்று, தேர்வில் தேறுதல் வேறு, பதிவு பெற்றுத் தொழில் நடத்தும் உரிமை வேறு என்பது. அதனைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய உரிமங்களும் பதிவுகளும் பலவகைப்படும். காப்பீட்டு முகவர் ஆக விரும்புவோர்க்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதற்கென நடத்தப்படும் தேர்வில் தேறினால் காப்பீட்டு நிறுவனம் முகவராக நியமிக்கும். பரஸ்பர நிதிகளை மக்களிடம் கொண்டுசெல்லும் விநியோகஸ்தர் ஆவதற்கு, தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிலையம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு எண் பெற வேண்டும். இந்நிலையம் செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தால் 2006இல் நிறுவப்பட்டது. அத்தேர்வின் சான்று மூன்றாண்டுகளே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை கூறுவோர் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2017 சூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த பின்னர், வணிகர்களுக்காக அவ்வரிப் படிவங்களைத் தாக்கல் செய்யும் பயிற்சியாளர் என்றொரு பதிவும் வந்தது. வணிகவியல், சட்டம் முதலிய பட்டம் பெற்றவர்கள் பதிவு செய்துகொண்டு, அதற்குரிய தேர்விலும் தேற வேண்டும். கடைத்தெரு உள்ள ஊர்களிலெல்லாம் இதற்கு வேலை உண்டு.

மூன்றாம் வகையில்தான் பிள்ளைகள் மிகுதியும் மயங்குகிறார்கள். வங்கியாளர் கழகம் 1928இல் தோன்றியது. இன்று அதன் பெயர் இந்திய வங்கி மற்றும் நிதிக் கழகம். அது நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்னும் தேர்வுகள் வங்கிக்காரர்களிடையே பெருமதிப்புடையன. ஆனால் அவை வங்கியில் பணிபுரிவோர்க்குரியன. வெளியே நிற்பவர் அவற்றை எழுதி உள்ளே செல்ல முடியாது. அவ்வாறாயின் வங்கிக்குள் புகுவதற்கு எந்தச் சான்று வேண்டும்? கேட்டால் வியப்பீர்கள். எழுத்தர் பணிக்கு ஏதேனும் ஒரு பட்டப் படிப்பும், ஐ.பி.பி.எஸ். என்னும் வங்கிப் பணியாளர் தேர்வு நிலையம் நடத்தும் பொதுத் தேர்வில் வெற்றியுமே வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி தனக்குத் தானே தேர்வு நடத்திக்கொள்கிறது. தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். விலங்கியல் படித்தவரும் எழுதலாம். பொதுத் துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்று 2021இல் அறிவிப்பும் வந்தது. இதற்குத் தனியார் எவரும் விற்கும் "வங்கிப் பட்டயம்" தேவையே இல்லை. தேர்வுக்குரிய பயிற்சி வேறு; சான்று வேறு. பயிற்சி தேவைப்படலாம்; அதை நூலகத்தில் அமர்ந்தும் பெறலாம்.

நான்காம் வகையான பயிற்சிச் சான்றுகளிலும் நல்லன உண்டு. தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கியல் ஆகியவற்றில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வுகள் செலவு குறைந்தன, நெடுங்காலமாக மதிக்கப்படுவன. கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி மற்றொன்று. 1904இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய நாள் முதல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கடனும் உரமும் விதையும் வழங்கும் இயக்கமாகக் கூட்டுறவு வளர்ந்துள்ளது. அச்சங்கங்களிலும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளிலும் உதவியாளர் பணிக்குப் பட்டப் படிப்போடு கூட்டுறவுப் பயிற்சியையும் தகுதியாகக் கேட்கிறார்கள். ஆதலின் இது பயிற்சிச் சான்றே ஆயினும், குறிப்பிட்ட ஒரு கதவுக்கு உண்மையான திறவுகோல். கணினியில் கணக்கெழுதும் மென்பொருள் பயிற்சியும் அப்படியே. சான்றைவிட விரல்களின் பழக்கமே அங்குக் கூலி பெற்றுத் தரும்.

ஆனால் எல்லாம் அப்படியல்ல. சில ஆண்டுகளுக்கு முன் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் தன் தந்தையோடு வந்தான். தந்தை கரிமூட்டம் போடுபவர். கையிலிருந்த உறையைப் பிரித்து ஒரு சான்றிதழை என் முன் வைத்தான் பையன். பெரிய நகரம் ஒன்றிலிருந்த தனியார் பயிற்சி நிலையம் வழங்கியது. பொன்னிற ஓரம், வண்ண முத்திரை, உலகத் தரம் என்னும் சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆறு மாதப் பயிற்சிக்காகத் தாயின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். "வங்கியில் வேலை உறுதி என்று சொன்னார்கள், ஐயா, எந்த வங்கியும் இதைக் கேட்கவே இல்லை" என்றான் பையன். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "சங்கிலி போனால் போகட்டும் ஐயா, இவனுக்கு ஒரு வருசம் போய்விட்டதே" என்றார். அந்நிலையத்திற்கு நாங்கள் எழுதிய கடிதங்களுக்கு விடை வரவில்லை. பணமும் திரும்பவில்லை. அடகு வட்டி மட்டும் மாதந்தோறும் வளர்ந்தது. பையன் மனம் தளராமல் அஞ்சல் வழியில் பட்டப் படிப்பை முடித்து, கூட்டுறவுப் பயிற்சியும் பெற்று, இன்று ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கெழுதுகிறான். அவனுக்கு அறிவும் உழைப்பும் முன்பே இருந்தன. இல்லாதது, பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய வினாக்கள்தாம்.

அவ்வினாக்களை ஐந்தாக வகுத்துச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளக் கூடியவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வினா: இத்தாள் என்னிடம் இல்லையென்றால் எந்த வேலையைச் செய்ய எனக்குத் தடை? "தடை எதுவும் இல்லை" என்பது விடையானால், அது உரிமமும் அன்று, தொழிற்பட்டமும் அன்று, பயிற்சி மட்டுமே. பயிற்சிக்குரிய விலையை மட்டுமே அதற்குக் கொடுக்கலாம்.

இரண்டாம் வினா: இதை வழங்குபவர் யார்? சட்டத்தால் அமைந்த கழகமா, அரசுத் துறையா, ஒழுங்காணையமா, அன்றி ஒரு தனியார் கடையா? வேலை தருவோரின் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். அவர்கள் கேட்கும் தகுதிகளில் இதன் பெயர் இருக்கிறதா? விற்பவர் சொல்வதைவிட வாங்குபவர் கேட்பதே உண்மை விலை.

மூன்றாம் வினா: முழுச் செலவு எவ்வளவு? சேர்க்கைக் கட்டணத்தோடு நின்றுவிடாதீர்கள். நூல், தேர்வுக் கட்டணம், மதுரையிலோ சென்னையிலோ தங்கும் செலவு, ஒருமுறை தவறினால் மீண்டும் எழுதும் செலவு, அக்காலத்தில் வீட்டிற்கு வராத வருவாய் ஆகிய யாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அமெரிக்கக் கழகம் ஒன்று நடத்தும் சி.எஃப்.ஏ. என்னும் மூன்று நிலைத் தேர்வும், இங்கிலாந்தைச் சேர்ந்த ஏ.சி.சி.ஏ. தேர்வும் உலகறிந்தவை, முதலீட்டு நிறுவனங்களிலும் பன்னாட்டு அலுவலகங்களிலும் மதிப்புடையவை. ஆயினும் அவற்றின் கட்டணம் டாலரிலும் பவுனிலும் செலுத்தத் தக்கது. தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில். அவற்றைப் பெற்றவர் அந்தத் தகுதியைக்கொண்டு நம் நாட்டுக் கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிட இயலாது. எங்கே பயன்படும் என்று அறிந்தபின் எடுப்பவர்க்கு அவை நல்லவை.

நான்காம் வினா: நடுவில் நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும்? இது கசப்பான வினா. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். பட்டயக் கணக்கர் படிப்பை மட்டும் நம்பிக் கல்லூரியை விட்டவர், இறுதித் தேர்வில் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டால், வங்கித் தேர்வு எழுதவும் பட்டம் இல்லாமல் நிற்க நேரும். எழுத்தர் தேர்வுக்குப் பொதுவான வயது வரம்பு 20 முதல் 28 வரை. சில பிரிவினர்க்குச் சலுகை உண்டு. வயது நமக்காகக் காத்திராது. ஆகவே தொழிற்பட்டத்தோடு ஒரு கல்லூரிப் பட்டத்தையும், அஞ்சல் வழியிலாயினும், சேர்த்துக்கொள்வது அறிவுடைமை.

ஐந்தாம் வினா: இத்தகுதி எத்தனை காலம் செல்லும்? சில சான்றுகள் மூன்றாண்டில் காலாவதியாகும். சில பட்டங்களுக்கு ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணமும் தொடர்கல்வியும் வேண்டும். ஒருமுறை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதற்கில்லை.

இவ்வைந்து வினாக்களையும் கேட்ட பின் எவ்வழியைத் தெரிவது? இதற்கு நம் கரிசல் விவசாயியே நல்லாசிரியர். அவர் புஞ்சையில் பருத்தியை மட்டும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பருத்தி நெடுநாள் நிற்கும் பயிர். அதன் ஊடே உளுந்தையோ பாசிப் பயற்றையோ விதைப்பார். அது விரைவில் வந்து வீட்டுச் செலவுக்கு உதவும். பருத்தி வெடிக்கும்வரை குடும்பம் தாங்கும். படிப்பிலும் அப்படியே செய்யலாம். பட்டயக் கணக்கர் படிப்பு பருத்தியைப் போன்றது. தட்டச்சும் கணினிக் கணக்கும் வரிப் படிவப் பயிற்சியும் ஊடுபயிர் போன்றவை. அவற்றால் ஓர் ஆடிட்டரின் அலுவலகத்திலோ நூல் கடையிலோ கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம், நெடும்படிப்பும் தொடரும். ஆனால் ஊடுபயிர் மிகுந்து பருத்தியை நெருக்கிவிடக் கூடாது. ஒரே நேரத்தில் ஆறு சான்றுகளைத் தேடி ஓடுபவர் ஒன்றையும் முற்ற விளைவிப்பதில்லை. நெடுந்தகுதி ஒன்று, குறுந்தகுதி ஒன்று என்பதே அளவு.

தன் இயல்பையும் பார்க்க வேண்டும். தனியே அமர்ந்து எண்களோடு பொழுது போக்குவதில் மகிழ்பவர் தணிக்கையையும் அடக்கவிலைக் கணக்கையும் நாடலாம். மனிதரோடு பழகுவதில் மகிழ்பவர்க்கு வங்கியும் காப்பீடும் பொருந்தும். சொந்த ஊரை விட்டுப் போக இயலாத நிலையிலுள்ள பெண் பிள்ளைகள் பலர் உளர். அவர்கள் கூட்டுறவுச் சங்கப் பணி, வரிப் பயிற்சியாளர் பதிவு ஆகியவற்றை எண்ணிப் பார்க்கலாம். வங்கிக் கிளை இல்லாத ஊரில் வங்கியின் சார்பாகப் பணம் செலுத்தவும் எடுக்கவும் உதவும் வங்கி முகவர் பணிக்கு 2006இல் ரிசர்வ் வங்கி வழி திறந்தது. அதற்கென்றும் வங்கி மற்றும் நிதிக் கழகத்தின் சான்று உண்டு. முதியோர் ஓய்வூதியம் வாங்கும் பாட்டிக்கு அம்முகவரே வங்கி.

இறுதியாக ஒன்று. உரிமம் என்பது உங்களுக்கு வேலை தருவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. உங்களிடம் பணத்தை ஒப்படைப்பவரைக் காப்பதற்காக ஏற்பட்டது. 1990களில் தமிழ்நாட்டில் மிகை வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் பல கவிழ்ந்தன. மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணமும் ஓய்வூதியமும் அவற்றோடு போயின. அதன் பின்னரே 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் பிறந்தது. கையொப்பத்தைப் பொய்யாக இட்டுச் சான்று வழங்குவோரும் இருந்தமையால், 2019 முதல் பட்டயக் கணக்கர் தரும் சான்றுகளுக்கு 18 இலக்கங்கொண்ட தனி அடையாள எண் கட்டாயமாயிற்று. அந்த எண்ணைக்கொண்டு, அது உண்மையானதா என்று கழகத்தின் இணையப் பக்கத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

புதிதாக முகவர் ஆகும் இளைஞர் முதலில் யாரிடம் செல்கிறார்? சித்தப்பாவிடமும் அத்தையிடமும் பக்கத்து வீட்டாரிடமும்தான். அவர்கள் திட்டத்தின் விதிகளைப் படித்துப் பார்த்துப் பணம் தருவதில்லை. "நம்ம பிள்ளை சொல்கிறான்" என்றே தருகிறார்கள். அப்பணம் மழை பொய்த்த ஆண்டிலும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். தரகுக்கு ஆசைப்பட்டு அவர்களுக்குப் பொருந்தாத திட்டத்தைத் தலையில் கட்டினால், சட்டப்படி குற்றமாகாமலும் போகலாம். ஆனால் திருவிழாவுக்கு ஊருக்குள் தலை நிமிர்ந்து வர முடியாது. ஆகவே நீங்கள் தேறும் தேர்வின் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படியாதீர்கள். நாளை உங்களை நம்பி வரும் ஒருவரின் சேமிப்பைக் காக்கும் அறிவு அதற்குள் இருக்கிறது என்று எண்ணிப் படியுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் படிப்புக்கு நகையை அடகு வைப்பதில் இழிவில்லை. நம் ஊரில் பல பட்டதாரிகள் அப்படித்தான் உருவானார்கள். ஆனால் அடகுக் கடைக்குப் போகுமுன் பள்ளிக்கு ஒருமுறை போங்கள். ஆசிரியரிடமோ, ஊரிலுள்ள ஆடிட்டரிடமோ, வங்கி மேலாளரிடமோ அந்த ஐந்து வினாக்களையும் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. கேட்டறிந்து, அளந்து, ஒன்றைத் தெரிந்து, அதில் நிலைத்து நில்லுங்கள். உங்கள் முயற்சி விளைக.